தண்ணீர் நேரத்துப் படம்

அந்தப் பழைய படத்தை நேற்றுக் காலை பதினொரு மணிக்கு டிவியில் போட்டார்கள். வேலை நாளில், பார்க்க ஆளில்லாத நேரத்தில். காய்ச்சலுக்கு லீவு போட்டிருந்ததால் கண்ணில் பட்டது. எரிச்சல்தான் வந்தது. அப்போது ஒரே ஒரு தடவை இப்படிக் காலையில் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். சேனல்காரர்களிடம் பத்துப் படம்தான் இருந்தது போல. இதையே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் போடுவார்கள். சோப்பு, பற்பசை, நகைக்கடை என்று விளம்பரம் செருகி ஐந்து மணிவரை இழுப்பார்கள். எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் வருவது நாலரைக்கு. படத்தில் கதாநாயகி புருசனிடம் அடிபட்டுப் பெட்டியோடு வெளியேறுவாள். சரியாக அங்கே தண்ணீர் வந்துவிடும். அம்மா குடங்களோடு ஓடுவாள், பின்னாலேயே நானும்.

அப்பா எழமாட்டார். தண்ணீர் பிடிப்பது ஆம்பளை வேலை இல்லையாம். கட்டிலில் படுத்தபடி, "தண்ணி வந்துட்டு, போ" என்று சொல்வது அவர் வேலை. அம்மாவை அடிப்பதும்.

வயர் சரிசெய்ய வந்த கேபிள்காரரிடம், படத்தைக் காலையில் போடச் சொல்லிக் கேட்டேன்.

"அது மெட்ராஸ்லேர்ந்து வருது பாப்பா. நீ முனிசிபாலிட்டிக்குப் போயி தண்ணி டைமை மாத்தச் சொல்லு" என்று சிரித்தார்.

ஒரு ஞாயிறு காலை, அப்பா வெளியே போயிருந்தபோது, அம்மா பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். தன் சேலைகளையும் என் பாவாடைகளையும் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஊர்க் கோயில் கொடைக்குப் போகிறோமா என்று கேட்டேன்.

"ஆமா. ஒங்க அப்பாட்ட சொல்லாத."

மதியம் அதே படம். நாலரைக்குக் குடத்தை எடுத்தவள் வாசலில் நின்றாள்.

"ஏட்டி, கண்ணெடுக்காமப் பாரு. கடைசில அவ என்ன செய்தான்னு எனக்குச் சொல்லணும்."

அவள் தலை மறைந்ததும் அப்பா என்னை டீ வாங்க அனுப்பினார். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது படம் முடிந்து டிவியில் வேறு ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கவில்லை என்று சொல்லப் பயம்.

அம்மா நனைந்த சேலையோடு, இடுப்பில் குடத்தோடு வந்தாள்.

"என்னட்டி செஞ்சா?"

"திரும்பி வந்துட்டாம்மா. புருசன் திருந்திட்டான். எல்லாரும் சிரிச்சாங்க."

நான் பார்த்த படங்களெல்லாம் அப்படித்தான் முடிந்தன.

"அவளும் வந்துட்டாளா" என்றாள் அம்மா. குடத்தை டிரம்மில் கவிழ்த்துவிட்டு அடுத்த நடைக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் படம் போட்டால் அவள் உட்காரவே இல்லை. நாலு மணிக்கே என்னையும் இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள்.

நேற்றுதான் முடிவைப் பார்த்தேன். கதாநாயகி திரும்பவில்லை. புருசன் தேடி வந்து வாசலில் நிற்கிறான். கதவைச் சாத்துகிறாள். மொத்தமே அரை நிமிடம். அம்மா இப்போது செம்பூரில் என்னோடுதான் இருக்கிறாள். அடுப்படியிலிருந்து, "என்ன படம்ட்டி?" என்று கேட்டாள்.

"ஏதோ பழசு" என்று சேனலை மாற்றிவிட்டேன்.

அந்த ஞாயிறு சாயங்காலமே பெட்டி பரணில் ஏறிவிட்டது. கொடைக்குப் போகவில்லை என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அழுதேன். அம்மாவும் அழுதாள். அவளுக்கும் கொடை அவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.