ஆறடிக் கதவு

கருப்பண்ணனும் நானும் 1936இல் ஒன்றாகப் பள்ளியை முடித்தவர்கள். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது தச்சு வகுப்பு இருந்தது. நான் உளியைப் பிடித்தால் என் விரல்தான் வெட்டுப்படும். அவனிடம் பலாப்பலகை சொன்ன பேச்சைக் கேட்கும். போகும்போது அவனுக்கு ஒரு ரம்பமும் இழைப்புளியும் இனாமாகக் கொடுத்து, இனி இதை வைத்துப் பிழைத்துக்கொள் என்று அனுப்பினார்கள்.

பிழைப்பு எங்கே இருந்தது? மேசை, நாற்காலி, ஆறடிக் கதவு, இவைதாம் அவன் படித்தவை. மலையில் மேசை யாருக்கு வேண்டும்? எங்கள் வீட்டு வாசல்கள் நெஞ்சுயரம்தான். உள்ளே குலசாமி இருப்பதால் குனிந்துதான் நுழைய வேண்டும். பாடம் வகுத்த புண்ணியவான்கள் ஒரு வீட்டுக்குள்ளாவது நுழைந்து பார்த்திருக்கலாம். இரண்டு வருடம் ஒருவரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை.

"உன் ஊட்டுக்கே கதவு ஒண்ணு செஞ்சு மாட்டுடா. பாத்தா நாலு பேரு கேப்பாங்க" என்று உசுப்பேற்றியவன் நான். சொல்லியிருக்கவே கூடாது.

சுவரை இடித்து, நிலை வைத்து, ஆறடிக் கதவை மாட்டினான். ஊரே வந்து தடவிப் பார்த்தது. ஊர்க்கவுண்டர் மட்டும், "சாமி முன்னால நிமிந்துட்டுப் போறதா?" என்று முகத்தைச் சுளித்தார். கருப்பண்ணன் மனைவி அத்தாயி அந்தக் கதவிலும் குனிந்தேதான் நுழைந்தாள்.

அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்த குழந்தை ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. அந்த மழையில் மலையெங்கும் காய்ச்சல். குனிந்து நுழையும் வீடுகளிலும் குழந்தைகள் செத்தன. அதை யார் பார்த்தார்கள்? கதவைக் கழற்றச் சொன்னார் கவுண்டர்.

"கதவு என்னங்க பண்ணுச்சு? காச்சலுங்க அது" என்று கருப்பண்ணன் ஒவ்வொருவரிடமும் மன்றாடினான்.

பத்து நாள் கழித்து அத்தாயி வாசலுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு உள்ள வரப் பயமா இருக்குதுங்க. எடுத்துருங்க."

அன்றே கழற்றி, வாசலைப் பழையபடி தாழ்த்தி மண் பூசினான். ஆனாலும் அவன் தொட்ட மரம் வீட்டுக்கு ஆகாது என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவிவிட்டது.

தை மாதம் காப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். பெயர் எழுதுகிற வேலை எனக்கு. வரிசையில் கருப்பண்ணன் நின்றான். முன்னும் பின்னும் எங்கள் ஊர்க்காரர்கள்.

"கொட்டாய் போடோணும். தச்சு வேலை தெரிஞ்சவங்க ஆராச்சும் இருக்கீங்களா?" என்று மேஸ்திரி கேட்டார்.

நான் கருப்பண்ணனைப் பார்த்தேன். மேஸ்திரியும் என் பார்வையைத் தொடர்ந்து அவனிடம் திரும்பினார்.

"ஏப்பா, உனக்குத் தெரியுமா?"

"இல்லீங்க. மம்பட்டி பிடிப்பேனுங்க" என்றான்.

நானும் அப்படியே எழுதினேன்.