ஆமைகள் பெருகிய தொட்டி

என் மனைவி ஒரே ஒரு ஆமை வளர்த்தவரை, அவள் குரல் கேட்டதும் அது தொட்டியிலிருந்து தலையை நீட்டும். அவளுக்கு அதில் அப்படியொரு பூரிப்பு. ஆற்றில் தண்ணீர் வந்ததும், வயலில் அகப்பட்ட ஆமைகளைத் தெருக்காரர்கள் வாளியில் கொண்டுவரத் தொடங்கினார்கள். "எங்க வீட்டுக்கு ஆகாதுக்கா. உங்களுக்குத்தான் ராசி" என்று தங்கள் கெட்ட காலத்தைப் பெருந்தன்மையோடு இறக்கிவைத்துப் போனார்கள். சந்தோஷமும் சேர்ந்து பெருகும் என்று நம்பி, அவளும் வாங்கிக்கொண்டாள். இப்போது யார் கூப்பிட்டாலும் தீனிக்காக எல்லாத் தலைகளும் நீளுகின்றன.

"இதுல நம்ம பழைய ஆமை எதுங்க?" என்றாள், கலங்கிப்போய்.

சந்தேகமே இல்லாத குரலில் ஒன்றைக் காட்டினேன்.

"அது எதிர்வீட்டுத் தம்பி நேத்து கொண்டாந்ததுங்க."