குளுவாங்கில் ஒரு நன்றி நாடகம்: ஆம்புலன்ஸ் ஓட்டுநரோடு ஒரு ஞாயிறு

என் கணவர் சரவணன் அரசு மருத்துவமனை ஒன்றில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். தொற்றுக் காலம் முடிந்து எல்லாரும் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டோம். அவர் மட்டும் திரும்பவில்லை. கல்யாண வீட்டில்கூடக் கதவோரம்தான் உட்காருவார். யாராவது பலமாக இருமினால் எழுந்து நிற்பார். பாதிச் சாப்பாட்டில் "போலாமா?" என்பார்.

போன மாதம் குளுவாங்கில் இருக்கும் என் தோழி ஒரு செய்தி அனுப்பினாள். தாதியர், ஆம்புலன்ஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், குப்பை லாரித் தொழிலாளர்கள் ஆகியோருக்கு நன்றி சொல்ல உள்ளூர்க் கலைஞர்கள் இலவசமாக மேளமும் நாடகமும் நடத்துகிறார்களாம். குடும்பத்தோடு வரலாம். வருகிறோம் என்று அவரைக் கேட்காமலே பதில் போட்டுவிட்டேன்.

"எனக்கு எதுக்கு நன்றி? சம்பளம் வாங்கிட்டுத்தானே ஓட்டுறேன்?" என்றார்.

"அப்ப எனக்காக வாங்க. மேடை நாடகம் பார்த்து எத்தன வருஷமாச்சு!"

ஸ்கூடாயில் எங்கள் வீட்டிலிருந்து காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாம் வரை போய், அங்கிருந்து உள்ளே திரும்ப வேண்டும். மொத்தம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றரை மணி நேரம். டோல் சுமார் பத்து ரிங்கிட். குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாழையிலைச் சாப்பாடு. (ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.)

நிகழ்ச்சி இரண்டு மணிக்கு. மண்டபத்தில் அவர் நேராகக் கடைசி வரிசைக்குப் போனார், கதவுக்குப் பக்கத்து நாற்காலி. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உறுமி மேளம் நெஞ்சை அதிர வைத்தது. இவர் கை முழங்காலை விட்டு அசையவில்லை.

அடுத்து நாடகம். பெண் பார்க்க வரும் குடும்பத்தின் அட்டகாசம். மாப்பிள்ளையின் அப்பாவாக நடித்தவர் கோட்டும் டையுமாக வந்து, திடீரென்று மேடையில் சரிந்தார். எல்லாரும் சிரித்தோம். மணப்பெண்ணாக நடித்தவள், "அண்ணே! அண்ணே, எழுந்திரிங்க!" என்று அலறியபோதுதான் சிரிப்பு நின்றது.

பக்கத்தில் பார்த்தேன். அவர் நாற்காலி காலி.

மேடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தவரின் பின்னாலேயே ஓடினேன். மேடைப் படிக்கட்டை நாங்கள் எட்டுவதற்குள், முன்வரிசைத் தாதியர் இருவர் விழுந்தவரின் டையைத் தளர்த்தி நாடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தீயணைப்பு வீரர் காலை உயர்த்திப் பிடித்திருந்தார். அப்படியும் இவர் படியில் கால் வைத்தார். அந்தத் தாதியரில் ஒருவர் திரும்பிப் பார்த்து, மலாயில், "அபாங், டுடொக் லா. காமி அடா" என்றார். உட்காருங்க அண்ணே, நாங்க இருக்கோம் என்று.

அவர் அப்படியே நின்றார். மெதுவாகத் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். பாதிப் பேர் இவரைப் போலவே பாய்ந்து எழுந்து, இடைவழியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நடுவரிசையில் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் நம்ம ஆளுங்க, கலா. நான் போகலன்னாலும் பாத்துக்குவாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நடிகருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பதற்றத்தில் காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். மைலோ குடித்து, ஒரு பன்னும் தின்றுவிட்டு மைக்கைப் பிடித்தார். "நன்றி சொல்லத்தான் உங்கள கூப்பிட்டோம். இங்கயும் வந்து வேல வாங்கிட்டேன், மன்னிச்சிருங்க லா!"

அதற்கு எழுந்த சிரிப்பில் என் கணவரின் சிரிப்பும் இருந்தது. நாடகம் முடியும் வரை இருந்தார். "போலாமா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பல வருடம் நெஞ்சில் கிடந்த பாரம் எனக்கு அந்த மண்டபத்திலேயே இறங்கிவிட்டது.

உங்கள் ஊரில் இப்படி ஒரு நிகழ்ச்சி நடந்தால், வர மறுப்பவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். மண்டபம் புழுக்கமாக இருக்கும், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். திரும்பும்போது நீங்களே ஓட்டுங்கள். ஆயர் ஈத்தாம் டோலுக்கு முன்பே இவர் தூங்கிவிட்டார். செடெனாக் தாண்டியதும் பின்னாலிருந்து சைரன் ஒலியோடு ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டேன். அது எங்களைக் கடந்து போனது. அவர் தூங்கிக்கொண்டே இருந்தார்.