பால் காய்ச்சும் அவசரத்தில் அடைத்த இடைவெளி

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் வாங்கிய வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. முதல் நாள் மாலை பார்த்தால், சமையலறை டைல்ஸும் கூடத்து மரத்தரையும் சேரும் இடத்தில் விரலளவு இடைவெளி. என்னோடு வசிக்கும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“நாலு பேர் வர்ற வீடு, இப்படிப் பிளந்து கிடந்தா நல்லாவா இருக்கு? இன்னைக்கே அடைச்சுடுங்க லா,” என்றார். வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்த காண்ட்ராக்டரும் அதில் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். விசேஷம் நன்றாகவே நடந்தது.

மழைக்காலம் வந்தது. ஈரத்தில் உப்பிய மரத்துக்கு நகர இடமில்லை. சிமெண்டில் முட்டி, விளிம்பு மேலே எழும்பிவிட்டது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒரு காலையில் எனக்குக் காப்பி எடுத்து வந்த அக்கா அதில் கால் தட்டி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவரால் நடக்க முடியவில்லை.

சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, ரப்பர்போல் நெகிழும் சிலிகானை நிரப்பியிருக்கிறோம். மழை பெய்தால் முதல் வேலையாக அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்க்கிறேன். வீடு புதுப்பிக்கும் எல்லோரிடமும், மரம் உப்ப இடம் விடுங்கள் என்று சொல்கிறேன்.

நேற்று அக்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தேன்.

“இப்ப தட்டவே இல்லை தம்பி,” என்றார்.