மதினி தலையை நேர்ந்துவிட்ட அண்ணன்

எங்கள் அண்ணன் செம்மல் நல்லவர்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் என்ன பேசுகிறோம் என்று அவருக்கே தெரியாது. மதினி பொற்கொடிக்கு மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்று, நேரே குலசாமி கருப்பர் கோயிலுக்குப் போய், அவள் பிழைத்தால் அவள் முடியை உனக்குத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். தன் முடியைத் தருவதாகச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். ஐம்பது வயதிலும் மினிபஸ் கண்ணாடியில் ரோட்டைவிடத் தன் தலையை அதிகம் பார்க்கிற டிரைவர் அவர்.

ஆபரேசன், கீமோ எல்லாம் முடியப் பத்து மாதம் ஆனது. கருப்பருக்கு முன்னால் மருந்தே முடியை வாங்கிக்கொண்டது. நோய் என்றபோது அழாத மதினி, சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வந்தபோது அழுதார். பிறகு முளைத்தது சுருட்டை முடி. மூன்று விரற்கடை வளர்ந்ததும் ஆலங்குடி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் தான் மனு எழுதும் மேசையில் ஒரு குட்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, பார்லரில் சுருட்டியது என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிட்டார்.

செக்கப்பில் எல்லாம் சுத்தம் என்றதும் அண்ணன் வேண்டுதலைக் கிளப்பினார். பதினைந்து வருடமாக மனு எழுதுகிற மதினி விடுவாரா? அடுத்தவர் சொத்தை எழுதிக்கொடுத்தால் பத்திரம் செல்லாது, வேண்டிக்கொண்டவர் தலைதான் சாமிக்குச் சேரும் என்று ஒரு வாரம் வாதாடினார். விளையாட்டாகத்தான் பேசினார். ஆனால் அடுப்படியில் என்னிடம் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார்.

"வனிதா, இன்னொரு தடவை மொட்டைத் தலையக் கண்ணாடில பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

எனக்கு அண்ணன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டி, கருப்பர் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அண்ணனுக்கு மொட்டை, சிவப்பு வந்தால் மதினிக்கு. கட்டிக்கொண்டு வரும் வேலையை எங்கள் இருவரிடமே விட்டார் அண்ணன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டினோம். சாமி கண்ணைக் குத்திவிடுமோ என்று நான் நடுங்கினேன். அதெல்லாம் கருப்பர் கண்டுகொள்ள மாட்டார் என்றார் மதினி.

பூசாரி சேவுகன் சூடம் காட்டிவிட்டு அண்ணனையே எடுக்கச் சொன்னார். அண்ணன் எடுத்துப் பிரித்தார். வெள்ளை. மதினி ரொம்ப வருத்தப்படுகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். முடி எடுக்கிறவரைக் கூப்பிடப் பூசாரி வெளியே போனார். மிச்சமிருந்த பொட்டலத்தை அண்ணன் கையில் எடுத்து, பிரிக்காமலே உருட்டிக்கொண்டிருந்தார்.

"இதுலயும் வெள்ளதானே?"

எப்படித் தெரியும் என்று மதினிதான் மெல்லக் கேட்டார்.

"ஒனக்கு ஆபரேசன் பண்ணலாமான்னு அன்னைக்கு நானும் இங்க வந்து பூக்கட்டிப் பாத்தேன். மூணு தடவையும் வேண்டாம்னு செவப்புதான் வந்துச்சு. நாலாவது தடவை ரெண்டுலயும் வெள்ளைய வச்சுக் கட்டுனேன். அப்பறந்தான் ஆஸ்பத்திரில போயிக் கையெழுத்துப் போட்டேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ கருப்பருக்கு மனு எழுதிக்கிட்டு ஒக்காந்திருப்ப."

மதினி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் அழுதுவிட்டார். இந்த மனுசனையா ஒரு வாரம் திட்டினோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் பொட்டலத்தைச் சாமி காலடியில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். முடி விழ விழக் கண்ணை இறுக மூடிக்கொண்டார், பாவம்.

மறுநாள் சந்தனத்தைக் கழுவிவிட்டு மினிபஸ்ஸை எடுத்தார். நானும் மதினியும் முன் சீட்டில் இருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்த வெளியூர் அம்மா ஒருவர் அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மதினியின் காதோரம் குனிந்து, பாவம், இந்த டிரைவருக்கு என்ன சீக்கு, எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறாராம் என்று விசாரித்தார். போன வருடம் மதினியைப் பார்த்து ஊரே கேட்ட கேள்வி.

மதினி நெற்றியில் விழுந்த சுருட்டை முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"அவருக்கு ஒண்ணுமில்லைங்க. அவரு பொண்டாட்டி பொழச்சுக்கிட்டா."