இஸ்பேட் ராஜாவின் பெயர்

புருலுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மாமனார் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதே பெயர் கொண்ட பக்கத்து வீட்டுக்காரரைக்கூட ‘நீலக் கதவுக்காரர்’ என்றுதான் சொல்வாள். நாரின் ஊரில் மருமகளை எடைபோடுவது இப்படித்தான். எடைபோட்டவர்கள் யாரும் புருலிடம் குறை கண்டதில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஞாபகப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. சீட்டுக்கட்டின் ஐம்பத்திரண்டு சீட்டையும் தெரிந்த ஐம்பத்திரண்டு முகங்களாக மனசில் பதித்துக்கொள்வது அவள் முறை. ஒவ்வொருவரும் ஏதாவது கோமாளித்தனம் செய்ய வேண்டும், சிரிப்பு வந்தால்தான் மனசில் ஒட்டும். மனசுக்குள்தானே என்று வீட்டு ஆட்களையே பிடித்துப் போட்டிருந்தாள் மகராசி.

அல்மாட்டியில் சீட்டு மனப்பாடப் போட்டி. போவதற்கு மாமனார் சம்மதிக்க வேண்டும். ஒரு விருந்தன்று சொந்தபந்தமெல்லாம் கறி தின்று முடித்த பிறகு, அவரே சீட்டுக்கட்டைக் கலைத்து அவளிடம் நீட்டினார்.

“அம்பத்திரண்டையும் வரிசை தப்பாம சொல்லு. சொல்லிட்டா போ. நான் குறுக்க நிக்கல.”

“அப்பா, இவளுக்குக் கறியில உப்புப் போட்டதே ஞாபகம் இருக்காது,” என்றாள் நாத்தனார் பாத்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

புருல் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கடகடவென்று சொல்லத் தொடங்கினாள். அவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். நாற்பது தாண்டியதும் அவளுக்கு வேகம் தலைக்கேறியது.

“கிளாவர் ஒன்பது, டைமண்ட் ராணி, முகாஷ் முக்காடு போட்டுக்கிட்டு ஆட்டு மேல...”

அவர் கையில் இருந்தது இஸ்பேட் ராஜா. முகாஷ் அவருடைய பெயர்.

புருலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

“மிச்சத்தையும் சொல்லு,” என்றார் அவர்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதுவே இன்னும் கேவலமாக இருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவ பழகுவ?”

“முப்பது தடவ, மாமா.”

“அப்போ தினம் முப்பது தடவ என்னைப் பாத்துச் சிரிச்சிருக்க.”

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“போயிட்டு வா. சொன்னா சொன்னதுதான்,” என்றவர், காலிக் கிண்ணத்தை அவளைத் தாண்டி பாத்மாவிடம் நீட்டினார். பதினோரு வருஷமாக அந்தக் கிண்ணத்தில் புருலைத் தவிர யாரும் டீ ஊற்றியதில்லை.