கடைக்காரர் நம்பர்

கல்வராயன் மலையில் எங்கள் பக்கம் போன் இருந்தாலும் டவர் எடுக்காது. அதனால் எந்த மனு போட்டாலும், வடக்கனந்தலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரின் நம்பரைத்தான் கொடுப்போம். ஊரே அப்படித்தான். மூத்த மகளின் சாதிச் சான்றிதழுக்கும் அந்த நம்பர்தான். பழங்குடி என்று அந்தக் காகிதம் இருந்தால் அவளுக்கு நர்சிங் காலேஜில் சீட்டு.

வாரா வாரம் மலையிறங்கிப் போய்க் கடைக்காரரைக் கேட்டேன். ஆபீசில் கிடக்கிறது, கொஞ்சம் கவனித்தால்தான் நகரும் என்றார். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே வந்துவிடும், யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று மகள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். எனக்கா நம்பிக்கை வரும்? மாமனார் பட்டாவுக்குக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் செத்ததற்குச் சான்று வாங்க நான் கொடுத்தேன். கொடுக்காமல் காகிதம் வந்ததாக எங்கள் மலையில் ஒரு சனமும் சொன்னதில்லை. இருந்த ஆடுகளை விற்றுக் கடைக்காரரிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் இழுத்தடித்தார். வயிறெரிந்து கள்ளக்குறிச்சி ஆபீசுக்கே போனேன். அங்கிருந்த அம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது எப்பவோ கையெழுத்தாகிப் போச்சேம்மா. போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே. இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

நான் ஆடு விற்பதற்கு முன்பே அந்த மெசேஜ் கடைக்காரர் போனுக்குப் போயிருக்கிறது. காலேஜில் சேர்க்கை முந்தின வாரம்தான் முடிந்திருந்தது.

கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். ஆயிரம் மெசேஜ் வருகிறது, பார்க்கவில்லை என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். ஆட்டுப் பணம் எங்கே என்றால், மேலே போய்விட்டதாம். மேலே என்றால் எவன்? ஆபீசில் எவனுக்காவது பங்கு போனதா, இவனே விழுங்கினானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பாவிகள்.

சீட்டு போய்விட்டது. மகள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திருப்பூர்ப் பக்கம் நூல் மில்லுக்குப் போய்விட்டாள்.

இந்த வருஷம் சின்னவளுக்கு அதே காலேஜ், அதே சான்றிதழ். வடக்கனந்தல் பக்கமே தலைவைக்காமல் கள்ளக்குறிச்சிக்குப் போய் மனு போட்டேன். போன் நம்பர் கேட்டார்கள். பெரியவள் நம்பரைச் சொன்னேன். மில் விடுதியில் டவர் நன்றாக எடுக்கிறது.

அடுத்த முறை மலையிறங்கியதும் என் போன் அடித்தது.

"தங்கச்சிக்கு வந்துடுச்சும்மா. யாருக்கும் ஒண்ணும் குடுத்துடாத."

மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொன்னாள்.